பெரிய கோப்பு கொப்பி பண்ணும்போது சேர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? மலையக அலுவலகங்களுக்கான கேள்வி பதில்

தோட்ட அலுவலகம், பாடசாலை, ஸ்டூடியோ, டியூஷன் வகுப்பு என்று ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை பல இடங்களில் கோப்புச் சேர்வர் என்று இருப்பது பெரும்பாலும் பழைய டெஸ்க்டொப் ஒன்றுதான். அதில் இரண்டு முதல் நான்கு டிஸ்க், விண்டோஸ் அல்லது உபுண்டு அல்லது ட்ரூநாஸ் (கோப்புச் சேர்வருக்கென்றே உள்ள இயங்குதளம்). கீழே உள்ளவை அப்படிப்பட்ட பெட்டிகளை மனதில் வைத்து எழுதியவை.

சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் போகின்றன. 20 ஜிபி வீடியோ அனுப்பினால் மட்டும் பாதியில் ரீஸ்டார்ட் ஆகிறது. நெட்வேர்க் கார்ட் பழுதா?

இருக்கலாம், ஆனால் அதை முதலில் சந்தேகிக்க வேண்டாம். பெரிய கோப்பு வரும்போது நெட்வேர்க் கார்ட் மட்டுமா வேலை செய்கிறது? எல்லா டிஸ்க்கும் ஒன்றாக எழுதுகின்றன, சிபியு கணக்குப் போடுகிறது, வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் ரேம் முழுக்க கேஷ் நிரம்புகிறது, பவர் சப்ளை அன்றைய நாளின் உச்சச் சுமையைச் சுமக்கிறது. மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் பலவீனம் எதுவாக இருந்தாலும் அப்போதுதான் வெளியே வரும். கார்டைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பெட்டிக்கு மின்சாரம் போனதா, அல்லது மின்சாரம் இருக்கும்போதே இயங்குதளம் விழுந்ததா? இது தெரியாமல் எந்தப் பாகத்தை வாங்கினாலும் குருட்டு யோகம்தான்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஸ்க்கையே கேளுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கு எத்தனை தடவை மின்சாரம் வந்தது என்று எண்ணி வைத்திருக்கும். ஸ்மார்ட் விபரங்களில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியல்) 12ஆம் இலக்கம் அது. உபுண்டுவில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் காட்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் மேல்பகுதியில் 'பவர் ஆன் கவுன்ட்' என்று இருக்கும். எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை ரீஸ்டார்ட் ஆனதும் திரும்பப் பாருங்கள்.

எண் ஒன்று கூடியிருந்தால் டிஸ்க்குக்கு வந்த மின்சாரமே அறுந்திருக்கிறது. பவர் சப்ளை, யூபிஎஸ், ப்ளக், சுவர் சொக்கெட் இவற்றில்தான் தேட வேண்டும். திடீர் மின்வெட்டுகளை எண்ணும் 192ஆம் இலக்கமும் சேர்ந்து கூடியிருந்தால் சந்தேகமே இல்லை. எண் அப்படியே இருந்தால் டிரைவர், ரேம், மதர்போர்ட், வெப்பம் பக்கம் திரும்பலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பவர் சப்ளை மதர்போர்டுக்கு 'மின்சாரம் சரி' என்று ஒரு சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஒரு கணம் விழுந்து எழுந்தால் போர்ட் ரீசெட் ஆகும், டிஸ்க் சுழற்சியோ நிற்காது, எண்ணும் கூடாது. ஆகவே எண் கூடாததை வைத்து மட்டும் பவர் சப்ளைக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

விண்டோஸ் பதிவில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்துக்குப் போங்கள். 1074 இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருள் கேட்டுத்தான் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். கதை அங்கேயே முடிந்தது. 6008 என்பது 'முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது' என்று மட்டும் சொல்லும். அதனால் பெரிய பயன் இல்லை.

கெர்னல்-பவர் 41தான் முக்கியம். அதன் விபரப் பக்கத்தில் 'பக்செக் கோட்' என்று, விண்டோஸ் விழுந்த காரணத்தைச் சொல்லும் ஓர் எண் இருக்கும், தசம எண்ணாக. 0 என்றால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியவில்லை: மின்சாரம் போயிருக்கலாம், போர்ட் ரீசெட் ஆகியிருக்கலாம், இல்லையென்றால் பெட்டி உறைந்து யாரோ பட்டனை அழுத்தியிருக்கலாம். 209 அல்லது 307 என்றால் டிரைவர் மீது சந்தேகம். 26 என்றால் ரேமை முதலில் சோதியுங்கள். 292 என்றால் வன்பொருளே பிழையைச் சொல்லியிருக்கிறது. அப்போது அதே பதிவில் 'வியா-லொகர்' என்ற பெயரில் 17, 18, 19 இலக்கங்கள் உண்டா என்று பாருங்கள். 17 அடிக்கடி வந்தால் பிசிஐ ஸ்லொட்டில் செருகிய கார்ட் ஏதோ தடுமாறுகிறது.

கூடவே, சிஸ்டம் பண்புகளில் 'தானாக ரீஸ்டார்ட் செய்' என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் அது இயல்பாகவே இடப்பட்டிருக்கும். எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும், காலையில் வந்து வாசிக்கலாம்.

உபுண்டு சேர்வரில் பதிவைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சட்டென்று அறுந்து, அடுத்த பூட் தொடங்குகிறது.

ஒன்றும் இல்லாததும் ஒரு தகவல்தான். மின்சாரம் போனால் எழுத நேரம் கிடைக்காது. ஆனால் முந்தைய பூட்டின் பதிவு டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சில அமைப்புகளில் அது ரேமில் மட்டும் இருந்து, ரீஸ்டார்டோடு அழிந்துவிடும்.

லினக்ஸ் கெர்னல் விழுந்தால் இயல்பில் ரீஸ்டார்ட் ஆகாது, அப்படியே உறைந்து நிற்கும். ட்ரூநாஸ் போன்ற நாஸ் (நெட்வேர்க் சேமிப்பு) அமைப்புகள் பலவற்றில் சில நொடிகளில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி மாற்றி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தைப் பூச்சியமாக்கி, ஒரு மொனிட்டரைச் செருகி, கொப்பியைத் தொடங்குங்கள். கடைசித் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

சேர்வர் போர்டுகளில் வாட்ச்டொக் என்று ஒன்று உண்டு. இயங்குதளம் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அதுவே ரீசெட் அடிக்கும். பழுதான ஒரு டிஸ்க் பதில் சொல்லாமல் முழு அமைப்பையும் இழுத்துப் பிடித்தால் இது நடக்கும். பயோஸில் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்: ரீஸ்டார்டுக்குப் பதில் உறைந்து நின்றால் டிஸ்க் பக்கத்தை முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, பலர் நினைத்தும் பார்க்காதது: முன்பக்க ரீசெட் பட்டன். ஈரப்பதத்தில் அதன் உள்தொடுகை கெட்டு, தானே இணைந்துவிடலாம். அந்த இரட்டை வயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

பாகங்களைப் பிரித்துச் சோதிப்பது எப்படி?

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். பிறகு மூன்று சோதனைகள், ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி நேரம்.

முதலாவது, வெறும் நெட்வேர்க். ஐபெர்ஃப்3 மென்பொருளைச் சேர்வரிலும் ஒரு மடிக்கணினியிலும் இயக்குங்கள். இது டிஸ்க்கைத் தொடாது. ஜிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 940 மெகாபிட் காட்ட வேண்டும். இரண்டாவது, வெறும் டிஸ்க். நெட்வேர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்புகளைக் கொப்பி பண்ணுங்கள். மூன்றாவது, சிபியுவும் ரேமும். ப்ரைம்95இல் 'பிளெண்ட்' தெரிவு, லினக்ஸ் என்றால் ஸ்ட்ரெஸ்-என்ஜி.

முதலாவதில் விழுந்தால் கார்ட், அதன் டிரைவர், ஸ்லொட். இரண்டாவதில் விழுந்தால் நெட்வேர்க் குற்றமற்றது. டிஸ்க் கேபிளும் பவர் சப்ளையும் பார்க்க வேண்டும். மூன்றாவதில் விழுந்தால் ரேம் அல்லது வெப்பம். மூன்றையும் தனித்தனியே தாங்கி, ஒன்றாக ஓட்டும்போது மட்டும் விழுந்தால், பத்தில் எட்டு தடவை பவர் சப்ளை என்றே பந்தயம் கட்டலாம்.

பவர் சப்ளையில் 500 வாட் என்று எழுதியிருக்கிறது. நான்கு டிஸ்க்குக்கு அது போதாதா?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று வாசியுங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்டில் கிடைப்பது 192 வாட்தான். இன்றைய கணினியில் சிபியுவும் டிஸ்க் மோட்டாரும் அந்த வரிசையில்தான் தொங்குகின்றன.

3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது 6 முதல் 8 வாட் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 24 வாட் கேட்கும். நான்கு டிஸ்க் ஒன்றாக எழுந்தால் 96 வாட். அதே நேரம் சிபியு 65 முதல் 90 வாட், போர்டும் ரேமும் 30 வாட் என்றால் மொத்தம் 191 முதல் 216 வாட் ஆகிவிட்டது. பூட் ஆகும்போது தாங்கிய பெட்டி கொப்பி தொடங்கியதும் ஏன் விழுகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: மின் சேமிப்புக்காக 20 நிமிடத்தில் டிஸ்க்குகள் உறங்கும்படி வைத்திருப்பீர்கள், யாராவது ஷேர் ஃபோல்டரைத் திறந்ததும் நான்கும் ஒன்றாக எழும். பூட்டின்போது சிபியு சும்மா இருந்தது, இப்போது இல்லை. டிஸ்க் உறக்கத்தை அணைத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை, பல இடங்களில் இதோடே பிரச்சினை அடங்கும்.

மல்டிமீட்டர் இருந்தால், காலியாக உள்ள நான்கு முள் டிஸ்க் இணைப்பில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் இடையே அளவுங்கள். கொப்பி நடக்கும்போது 11.40 வோல்டுக்குக் கீழ் போகக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75க்குக் கீழ் போகக் கூடாது. மில்லிசெக்கன்டு வீழ்ச்சியைச் சாதாரண மீட்டர் காட்டாது என்பதால், குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மீட்டர் நல்லது. அளவு சரியாக இருந்தாலும் பவர் சப்ளை தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. இரவல் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே தீர்ப்பு.

பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும், ப்ளக்கைக் கழற்றிய பிறகும்.

ஒரு வயரிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரிக்கும் மலிவான பிரிப்பான்களும் கவனிக்க வேண்டியவை. அச்சில் வார்த்த சாட்டா இணைப்புகளில் வயர்கள் உள்ளே நெருங்கி உருகும். பிளாஸ்டிக் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறதே, பிறகு எப்படி மின்சாரம் போகும்?

மூன்று வழிகளில் போகும். முதலாவது, பெட்டரி செத்திருக்கும். சின்ன யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பெட்டரி ஒன்று. மூன்று வருடத்துக்குப் பின் அதன் வாக்கை நம்ப முடியாது. பச்சை விளக்கு எரிவது பெட்டரிக்குச் சான்று அல்ல.

இரண்டாவது, அலைவடிவம். மலிவான யூபிஎஸ் பெட்டரிக்கு மாறும்போது சைன் அலை தராது, படிப்படியான சதுர அலை தரும். நவீன பவர் சப்ளைகள் சில அதைப் பொறுக்காமல் அணைந்துவிடும். அப்படி என்றால் சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்க வேண்டும், வேறு வழியில்லை.

மூன்றாவது, சுமை. 600 விஏ என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட்தான். அதே யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் செருகியிருந்தால், அதன் உருளை சூடாகும் கணத்தில் யூபிஎஸ் கைவிரிக்கும். பிரிண்டரைச் சுவர் சொக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

சோதிக்கும் முறை: சேர்வரை மெம்டெஸ்ட்86+ (இயங்குதளம் இல்லாமலே ஓடும் ரேம் சோதனை மென்பொருள்) திரையில் நிறுத்துங்கள், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாத நிலை அது. பிறகு யூபிஎஸ் செருகிய சுவர் சொக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள். ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். 100 வாட் சுமையில் ஐந்து நிமிடம்கூட நிற்காவிட்டால் பெட்டரியை மாற்றுங்கள். சுவிட்சை அணைத்த கணமே விழுந்தால் அலைவடிவம் அல்லது முற்றாகச் செத்த பெட்டரி.

விடியற்காலை பெக்கப் ஓடும்போதுதான் விழுகிறது. பகலில் அதே கொப்பி தாங்குகிறது.

தேயிலை பெக்டரி அருகில் இருக்கிறதா? மாலையில் வந்த கொழுந்து இரவு முழுக்க வாட்டப்பட்டு, விடியும் முன் உருட்டத் தொடங்குவார்கள். ரோலர் மோட்டார் ஒன்று நேரடியாகத் தொடங்கும்போது வழமையான ஓட்டத்தைவிட 6 முதல் 8 மடங்கு கரண்ட் இழுக்கும். அதே லைனில் தொங்கும் அலுவலகத்தில் பல்ப் ஒரு கணம் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். நல்ல பவர் சப்ளை முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன்டு தாக்குப்பிடிக்கும். 50 ஹேர்ட்ஸில் ஒரு சுற்றே 20 மில்லிசெக்கன்டு. சும்மா இருக்கும் சேர்வர் அந்த வீழ்ச்சியைக் கடந்துவிடும். பெக்கப் ஓடும் சேர்வரால் முடியாது.

பெக்கப் நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். விழுவது நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. வோல்டேஜைச் சீர்செய்யும் யூபிஎஸ் நிரந்தரத் தீர்வு. வீட்டு அளவில் 2000 வாட் கேத்தலும் ரூம் ஹீட்டரும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும்.

ஜெனரேட்டரில் ஓடும் நேரமும் கவனியுங்கள். அதிர்வெண் ஆடினால் யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பெட்டரியிலேயே இருந்து, தீர்ந்ததும் விழும். கரண்ட் இருக்கும்போதே யூபிஎஸ் விடாமல் கத்துகிறது என்றால் இதுதான்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் மட்டும் தொல்லை கொடுத்தால் பழைய கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். குளிரில் அவற்றின் உள்தடை கூடும். வயதானவை முதலில் தடுமாறும்.

எங்கள் ஊர் குளிர்தானே, வெப்பம் காரணமாக இருக்குமா?

குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அறை 18 பாகையாக இருந்தாலும் ஹீட்சிங்க்கில் தூசு அடைத்தால் பயனில்லை. தேயிலைத் தூளும் நாரும் பறக்கும் இடத்தில் ஆறு மாதத்தில் கம்பளி போல அடைந்துவிடும். சிபியு மிகச் சூடானால் பெட்டி பெரும்பாலும் அணைந்து அப்படியே கிடக்கும், ரீஸ்டார்ட் ஆகாது. இது நல்ல அடையாளம். டிஸ்க் கன்ட்ரோலர் கார்டும் 10 ஜிகாபிட் கார்டும் விரலால் தொட முடியாத அளவு சூடாக இருந்தால், அவற்றின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன விசிறி வையுங்கள்.

ரேமை எப்படிச் சோதிப்பது? மற்ற வேலைகளில் பிழையே வருவதில்லையே.

அன்றாட வேலை 8 ஜிபியில் 2ஐத்தான் தொடும். பெரிய கொப்பி மிச்சத்தையும் கேஷாக நிரப்பும். மேல் பகுதியில் ஒரு கெட்ட கலம் இருந்தால் அப்போதுதான் அகப்படும். மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க, குறைந்தது நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேம் சரியில்லை. உடனே வாங்க ஓட வேண்டாம். மூடுபனி உள்ளே வரும் ஊர்களில் தொடுகைகள் மங்கிப்போவது சாதாரணம். கழற்றி, ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் செருகி மீண்டும் சோதியுங்கள். பயோஸில் எக்ஸ்எம்பி (ரேமை வழமையைவிட வேகமாக ஓட்டும் தெரிவு) வேகம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கோப்புச் சேர்வருக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

நெட்வேர்க் கார்ட்தான் என்று சோதனை சொல்கிறது. அடுத்து?

விண்டோஸில் நீலத்திரையோ டம்ப் கோப்போ (விழும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் கோப்பு) 'ஆர்டி640எக்ஸ்64' என்ற பெயரைக் காட்டினால் ரியல்டெக் டிரைவர். தயாரிப்பாளரின் புதிய டிரைவரை இடுங்கள். பிறகு கார்டின் மேம்பட்ட அமைப்புகளில் கிரீன் ஈதர்நெட், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், லார்ஜ் சென்ட் ஓஃப்லோட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தால் எது காரணம் என்று தெரியாது. ஜம்போ ஃபிரேம் போட்டிருந்தால் 1500க்குத் திரும்புங்கள். லினக்ஸில் பயோஸின் பிசிஐ மின் சேமிப்பை அணைப்பது பல ரியல்டெக் சிப்களுக்கு உதவும். இதற்கும் அடங்காவிட்டால் இன்டெல் ஐ210 போன்ற கார்டைச் செருகி, போர்டில் உள்ளதை பயோஸில் அணைத்துவிடுங்கள்.

பெக்டரியிலிருந்து அலுவலகத்துக்கு வெளியே இழுத்த கேபிளால் இப்படி ஆகுமா?

ஆகும். இரு கட்டிடங்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருக்காது. கவசமிட்ட செப்புக் கேபிள் அவற்றை இணைத்தால் மோட்டார் தொடங்கும்போதெல்லாம் அதன் வழியே கரண்ட் ஓடும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பிற்பகல் இடிமழையில் நிலைமை இன்னும் மோசம்: அருகில் மின்னல் விழுந்தால் கார்ட் முழுதாகச் சாகாமல் பாதி பழுதாகி, சுமையில் மட்டும் விழும். கட்டிடங்களுக்கு இடையே செப்பு வேண்டாம், ஃபைபர் இழுங்கள், இரு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர். செப்பு 100 மீட்டரோடு முடிகிறது என்பதால் தோட்டங்களில் எப்படியும் இதுதான் வழி. ஃபைபரோடு தாங்கு கம்பி சேர்ந்து வந்தால் அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடுங்கள். உள்ளே கொண்டுவந்தால் மின்னலுக்கும் வழி கொடுத்ததாகும்.

பாதியில் நின்ற கோப்புகளை நம்பலாமா?

அளவைப் பார்த்து நம்ப வேண்டாம். விண்டோஸ் கொப்பி தொடங்கும்போதே முழு இடத்தையும் ஒதுக்கிவிடும். பாதி வெறுமையாக இருந்தும் அளவு சரியாகக் காட்டலாம். இரு பக்கமும் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள், அல்லது அழித்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள். ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த அமைப்பு) இருந்தால் ரீஸ்டார்டுக்குப் பின் மணிக்கணக்கில் ஒத்திசைவு ஓடும். அதுவே டிஸ்க்குக்கு முழுச் சுமை என்பதால், அது முடியுமுன் மறுபடி கொப்பி தொடங்கினால் மறுபடி விழும். முடியும்வரை காத்திருங்கள்.

கொழும்பிலிருந்து பாகம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை?

நெட்வேர்க் வேகத்தை 100 மெகாபிட்டுக்குக் குறைத்து வையுங்கள். நொடிக்கு 11 எம்பி அளவில் போகும். 20 ஜிபிக்கு மூன்று நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் எடுக்கும், ஆனால் சுமை இறங்கும். டிஸ்க் உறக்கத்தை அணையுங்கள். தேவையில்லாத டிஸ்க்கைக் கழற்றி வைக்கலாம், ஆனால் ரெய்டில் உள்ளதைத் தொடாதீர்கள்.

கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

மேலே சொன்ன மூன்று சோதனைகளின் முடிவு, 12ஆம் இலக்க எண், 41இன் உள்ளே இருந்த எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இவற்றைப் பார்க்காமல் போர்ட் என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். போர்டில் சிபியுவைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியோ கசிந்தோ இருந்தால் மட்டும் அவர்கள் சொல்வது நியாயம். மற்றபடி பவர் சப்ளை, ரேம், நெட்வேர்க் கார்ட் என்ற வரிசையில் இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும்.

எதை மாற்றினாலும், 500 ஜிபியை ஒரே மூச்சில் அனுப்பிப் பாருங்கள். ஜிகாபிட்டில் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். பெக்டரி ஓடும் நேரத்தில் ஒரு தடவை, ஓடாத நேரத்தில் ஒரு தடவை. இரண்டிலும் 12ஆம் இலக்கம் அசையாமலும் பதிவில் 41 வராமலும் இருந்தால் பழைய பாகத்தை ஒதுக்கிவிடலாம்.